ஸ்டாண்ட் கழற்றிய பத்து சைக்கிள்கள்

எங்கள் சைக்கிள் கிளப்பில் ஒரு சடங்கு உண்டு. புதிதாகச் சேருகிறவர் வண்டியோடு வந்ததும் எல்லோரும் சுற்றி நின்று அதன் ஸ்டாண்டைக் கழற்றுவோம். பிறகு கேரியர், மட்கார்டு, செயின் கவர், மணி. ஒவ்வொன்றும் கழன்று விழும்போது கைதட்டுவோம். காரணம், எடை. ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு ஓட்டுவது கேவலம் என்பது எங்கள் கொள்கை. இந்தக் கொள்கையை வகுத்தவர்கள், ஒரு மூட்டை சிமெண்டை வயிற்றில் கட்டிக்கொண்டது போலத் திரியும் ஐம்பது வயது ஆண்கள். அதில் நானும் ஒருவன். என் வண்டி எட்டு கிலோ. நான் தொண்ணூற்று நாலு. ஸ்டாண்டைக் கழற்றியதால்தான் இவ்வளவு வேகமாகப் போகிறேன் என்று நான் பல வருஷம் மனதார நம்பியிருக்கிறேன்.

ஸ்டாண்ட் இல்லாததால் எங்கள் வண்டிகளுக்குத் தானாக நிற்கத் தெரியாது. சுவர், மின்கம்பம், அடுத்தவன் இடுப்பு என்று எதிலாவது சாய்ந்துதான் நிற்கும். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் கூடும் இடத்தில் இருக்கும் டீக்கடைக்காரர், தன் பெஞ்சு மேல் நாங்கள் சாய்க்கும் வண்டிகளை வாராவாரம் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: “இன்னா சார், இம்மாம் துட்டு குட்த்து வாங்கிக்கிறீங்க. நிக்கறதுக்கு ஒரு காலு குடுக்கலையா அவன்?”

எடை பற்றியெல்லாம் டீக்கடைக்காரருக்கு என்ன தெரியும்?

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்புவோம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரைச் சாலை பிடித்துக் கோவளம். அங்கே படகுகள் கரையேறி மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கும். அதற்கு முதுகைக் காட்டி நின்று நாங்கள் படம் எடுத்துக்கொள்வோம். பிறகு பொங்கல், வடை, இன்னொரு வடை, பூரி. எரித்த கலோரியைப் போல இரண்டு மடங்கு தின்றுவிட்டு, எரித்ததை மட்டும் போனில் பதிவு போடுவோம். கிளப்பின் நோக்கம் ஆரோக்கியம்.

போன வருஷம் ஒரு கம்பெனியின் அறக்கட்டளை, சைக்கிள் கிளப்புகளுக்கு நிதி தருவதாக அறிவித்தது. ஒரே நிபந்தனை: இதுவரை இந்தப் பக்கமே வராத ஆட்களைச் சேர்க்க வேண்டும். இளைஞர்கள், பெண்கள், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். எங்கள் தலைவருக்கு ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் தொழில். எந்த விஷயத்தைக் கேட்டாலும் அது பேனரில் எப்படி வரும் என்றுதான் முதலில் யோசிப்பார். நான் செயலாளர். செயலாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதனால்தான் நான்.

“நம்ம கிளப்புல அந்த மாதிரி ஒருத்தர்கூட இல்லையே தலைவரே” என்றேன்.

“இல்லாததாலதானய்யா குடுக்கறான். இருந்தா எதுக்குக் குடுக்கப்போறான்? எழுது.”

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேரோடு நீங்கள் ஏற்கெனவே தொடர்பில் இருக்கிறீர்கள்? பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். சிலருக்குக் கை நடுங்கும். எனக்குக் கற்பனை பொங்கும். ‘பெரும்பாக்கம் குடியிருப்பைச் சேர்ந்த பத்து இளம்பெண்கள் எங்களோடு இணைய ஆவலுடன் காத்திருக்கிறார்கள்’ என்று எழுதினேன். பெரும்பாக்கத்தை நான் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. மாடிமேல் மாடியாக அவ்வளவு வீடு இருக்கிறதே, பத்துப் பேர் காத்திருக்க மாட்டார்களா என்று ஒரு தைரியம்.

நிதி கிடைத்துவிட்டது. கூடவே ஒரு வரி: தொடக்க விழாவில் அந்தப் பத்துப் பேரையும் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒருநாள்தான் நான் நிஜமாகவே எடை குறைந்த நாள்.

இந்த இடத்தில் நான் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை உண்டு. ஆரோக்கியக் கிளப்பின் செயலாளருக்குச் சர்க்கரை என்பது வெளியே தெரிந்தால் என்ன ஆவது? அதனால் தாம்பரத்தில் இத்தனை லேப் இருக்க, யார் கண்ணிலும் படாமல் மேடவாக்கம் போய் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குத் திறக்க வேண்டிய லேப். சாவி, ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் இருக்கும். இருபது, இருபத்தொன்று வயசிருக்கும். அவள் பெரும்பாக்கத்திலிருந்து வர வேண்டும். ஆறு இருபதுக்கு ஓடி வந்து ஷட்டரைத் தூக்குவாள். வெறும் வயிற்றோடு நிற்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் அவளைத் திட்டுவோம். அதிகம் திட்டியது நான்தான். பசி என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

பெரும்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள். மறுநாளே போய்க் கையை நீட்டினேன்.

“ஏம்மா, உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“ஸ்கூல்ல குடுத்த வண்டி இருந்துச்சு சார். எங்க அண்ணன் வித்துட்டான். ஏன் சார்?”

“புது சைக்கிள் கெடைச்சா ஓட்டுவியா?”

ஊசி நின்றது. “யாரு தராங்க?”

“எங்க கிளப்பு. உன் சைக்கிள். உனக்கே.”

அந்த ‘உனக்கே’வை எனக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நிதியின் விதிகளில் அப்படி ஒன்று இல்லை. சைக்கிள்கள் கிளப்பின் பொறுப்பில் இருக்கும் என்பதுதான் விதி. பத்துப் பேர் வேண்டுமே என்ற பதற்றத்தில் என் வாய் தானாகச் சைக்கிள்களை வாரி வழங்கிவிட்டது.

அவள் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மடமடவென்று பேசினாள். “அஞ்சரை பஸ்ஸு ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது சார். ஷேர் ஆட்டோ ரொம்பினாத்தான் எடுப்பான். இன்னும் ஒருவாட்டி லேட்டா தொறந்தா காலை டூட்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. காலை டூட்டி போச்சுன்னா மத்தியானம் கோர்ஸுக்குப் போக முடியாது. எட்டு மாசம் படிச்சிட்டேன் சார். டெக்னீஷியன் கோர்ஸு. சைக்கிள் இருந்தா நான் யாரையும் நம்பி நிக்கத் தேவையில்ல.”

“சரிம்மா. இன்னும் ஒம்பது பேர் வேணும்.”

இரண்டே நாளில் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டாள். என் பொய்யை அவள் உண்மையாக்கினாள். அதற்கு நான் அவளுக்குச் சொன்ன நன்றி, போனில் ஒரு கட்டைவிரல் பொம்மை.

தொடக்க விழா பெரும்பாக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. பேனரில் தலைவரின் முகம் ஒரு தண்ணீர்த் தொட்டி அளவுக்கு இருந்தது. பத்துப் பெண்களுக்கும் சேர்த்து ஒரு சைக்கிள் பொம்மை, கீழே ஓரமாக. பத்து வண்டிகளும் கடையிலிருந்து வந்தபடியே ஸ்டாண்ட், கேரியர், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் மாட்டி அழகாக நின்றன. தானாகவே நின்றன.

தலைவர் மைக்கைப் பிடித்தார். “இன்னையிலேர்ந்து நீங்களும் சைக்கிளிஸ்ட்.” உடனே எங்கள் ஆட்கள் ஸ்பேனரும் கையுமாகப் பாய்ந்தார்கள். பத்து வண்டியையும் உரித்தார்கள். பெண்கள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் நாங்கள் கைதட்டினோம். கழற்றியதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினோம்.

லேப் பெண் தலைவரிடமே கேட்டாள். “சார், அப்ப பையை எங்க வைக்கறது?”

“ஜெர்சில பின்னாடி பாக்கெட் இருக்கும்மா.”

ஜெர்சிகள் வந்திருந்தன. நிதியில் நாங்களும் ஆளுக்கு ஒன்று தைத்துக்கொண்டோம், உற்சாகப்படுத்துவதற்காக. ஒரே ஆர்டர், ஒரே அளவு, எங்கள் அளவு. அதைப் போட்டுக்கொண்ட பெண்கள், தலையணை உறைக்குள் போட்ட முருங்கைக்காய் மாதிரி இருந்தார்கள். முதல் சுற்றிலேயே ஒருத்தியின் சுடிதார் பேன்ட் செயினில் சிக்கிக் கிழிந்தது. செயின் கவர் அந்த நேரம் சாக்கில் பத்திரமாக இருந்தது.

எல்லாம் முடிந்ததும் ஒரு டெம்போ வந்தது. வண்டிகளை ஏற்ற ஆரம்பித்தோம். லேப் பெண் என்னிடம் வந்தாள்.

“சார், வண்டி எங்க போகுது?”

“சேலையூர்ல தலைவரோட குடோன்மா. பத்திரமா இருக்கும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எடுத்தாருவோம்.”

“எனக்கு டூட்டி பெரும்பாக்கத்துலேர்ந்து மேடவாக்கத்துக்கு. வண்டி சேலையூர்ல பத்திரமா இருந்து இன்னா சார் பண்றது?”

நான் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று மறந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை என்பது மறக்கவில்லை.

நான்காவது ஞாயிறு அறக்கட்டளையிலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். பத்துப் பெண்களும் கோவளம் வரை ஓட்ட வேண்டும், கடைசியில் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு செயலாளர் வர வேண்டும் என்று ஏற்பாடு. தலைவர் அதிகாரியோடு காரில் போனார். கிளப் தலைவர் காரில் போவது எங்களில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

கடைசியில் வருவது எனக்குச் சுலபமாகவே இருந்தது. நான் எப்போதும் அங்கேதான். முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் நெஞ்சில் ஒரு குத்து. இடது பக்கம். தோள் வரை இழுத்தது. எனக்கு உடனே எல்லாம் தெரிந்துவிட்டது. மனைவி முகம், மகளின் முகம், இன்சூரன்ஸ் பத்திரம் வைத்த பீரோ, தலைவர் அடிக்கப்போகும் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் என் பழைய படத்தைப் போடுவார், முடி இருந்த காலத்தது. வண்டியைப் போட்டுவிட்டுப் பாலத்தோரம் உட்கார்ந்தேன். “ஆம்புலன்ஸ்” என்று கத்த நினைத்தேன். “அம்மா” என்று வந்தது.

முன்னால் போன லேப் பெண் திரும்பி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

“காலைல இன்னா சாப்ட்டீங்க?”

“வாழப்பழம். நாலு. அப்புறம் கொஞ்சம் சுண்டல்.”

“வாய்வு சார். எந்திரிச்சு நடங்க.”

“ஹார்ட்டு இல்லையே?”

“ஹார்ட்டு அங்க இல்ல சார். நீங்க புடிச்சிகினு கீறது வவுறு.”

நடந்தேன். அதுவரை காத்திருந்த காற்று சத்தமாக வெளியேறியது. அவள் நாகரிகமாகக் கழிமுகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நேத்து ஆறு பத்து ஆச்சு சார் தொறக்க. மேனேஜர் போன் பண்ணிட்டாரு. திங்கக்கெழம கடைசி சான்ஸுன்னுட்டாரு. நீங்கதான சார் சொன்னீங்க, உன் சைக்கிளு, உனக்கேன்னு? அத நம்பித்தான் ஒம்பது பேர இட்டாந்தேன். அதுங்க இப்ப என்னைப் பாத்து, இன்னாடி உன் சாரு பேனர்ல வுட்ட கப்சாவான்னு சிரிக்குதுங்க.”

கீழே கிடந்த என் வண்டியை நிமிர்த்தி அவள் பின்னால் மிதித்தேன்.

கோவளத்தில் படம் எடுத்து, அதிகாரி பெண்களின் கையைக் குலுக்கிப் போன பிறகு, டெம்போ வந்தது. எண்ணி ஏற்றிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒன்பது ஏறியதும் அவளைப் பார்த்து, “நீ கெளம்பு” என்றேன். அவள் ‘நிஜமாவா’ என்றுகூடக் கேட்கவில்லை. ஏறி மிதித்துவிட்டாள். நான் ஏட்டில் பத்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பார்த்தால் என் கையெழுத்தே எனக்குப் போலியாகத் தெரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லேப் திறந்திருந்தது. இதைப் பார்ப்பதற்காக நான் போகவில்லை என்றே சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வண்டியை வாசல் கம்பியில் துப்பட்டாவால் கட்டி வைத்திருந்தாள், ஆடு மாதிரி. அன்று சாயங்காலமே பேனர் பார்ப்பது போலக் குடோனுக்குப் போய், அந்தச் சாக்கைத் தூக்கிக் காரில் போட்டேன். பழைய இரும்புக்காரனுக்குப் போடுகிறேன் என்று வாட்ச்மேனிடம் தேவையில்லாமல் மூன்று முறை சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. சாக்கை லேப் வாசலில் இறக்கிவிட்டு ஓடி வந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் திருட்டு, அதுவும் ஸ்டாண்ட்.

அடுத்த ஞாயிறு தலைவர் எண்ணினார். “பத்தாவது எங்கய்யா?”

“சர்வீஸுக்கு விட்டிருக்கேன் தலைவரே.”

“புது வண்டிக்கு என்னய்யா சர்வீஸு?”

“கியர்ல ஒரு சத்தம்.” அந்த வண்டிக்குக் கியரே கிடையாது. அது தெரிந்த ஆள் எங்கள் கிளப்பில் ஒருவர்கூட இல்லை.

இரண்டு வாரம் ஓடியது. பெண்கள் வருவது ஐந்தாகி, மூன்றாகி, ஒன்றுமில்லாமல் போனது. ஞாயிறு அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள், தண்ணீர் பிடிக்கும் நாள், வேலைக்குப் போகும் நாள். எங்களுக்கு மட்டும்தான் அது ஞாயிறு. “அதுங்களுக்கு ஆர்வம் இல்ல மச்சான்” என்றார் ஒரு உறுப்பினர், இரண்டாவது பொங்கலுக்கு நெய் கேட்டபடி.

மூன்றாவது வாரம் கோவளத்து ஓட்டலில் தலைவர் மேஜையைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது.

“பத்தாவது வண்டிய நான் என் கண்ணால பார்த்தேன். ஒரு லேப் வாசல்ல. ஸ்டாண்ட் போட்டிருக்காங்கய்யா! கேரியர்! புதுசா ஒரு கூடை! மணி வேற!”

கூட்டம் ‘ச்சே’ என்றது. வண்டி காணாமல் போனது யாரையும் அவ்வளவு காயப்படுத்தவில்லை. கூடைதான் காயப்படுத்தியது.

“எந்த லேப்பு தலைவரே?” என்றார் நெய் உறுப்பினர்.

“மேடவாக்கத்துல.”

“அங்க உங்களுக்கு என்ன வேல?”

தலைவர் தண்ணீர் குடித்தார். “அந்தப் பக்கமா போனேன்.”

அந்தப் பக்கமாக, காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில். எனக்குப் புரிந்துவிட்டது. தாம்பரத்தில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவரும் அங்கேதான் ரத்தம் கொடுக்கிறார். இதை நான் அப்போதே போட்டு உடைத்திருந்தால் விவகாரம் முடிந்திருக்கும். ஆனால் ‘உனக்கெப்படித் தெரியும்’ என்று ஒரு கேள்வி வரும். அதனால் நானும் தண்ணீர் குடித்தேன். ஒரு கிளப்பின் தலைவரும் செயலாளரும் எதிரெதிரே உட்கார்ந்து, சர்க்கரை வெளியே வராமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

முடிவு எடுக்கப்பட்டது. வண்டியை ஒரு வாரத்தில் மீட்க வேண்டும். மீட்பது செயலாளர். காரணங்கள் பல: அந்தப் பக்கம் விட்டால் விற்றுவிடுவார்கள், கட்டுப்பாடு வேண்டும், சைக்கிளிங் ஒரு கலாச்சாரம். வாரத்துக்கு ஒருநாள் தின்பதற்காக மிதிக்கிறவர்கள் கலாச்சாரம் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கு என் கழுத்தின் மேலேயே அன்று வெறுப்பாக இருந்தது.

அந்த வாரமே அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதிலும் ஒரு கட்டம்: இந்த நிதியால் எத்தனை பேர் தொடர்ந்து சைக்கிள் ஓட்டுகிறார்கள்? தலைவர் போனில், “பத்துன்னு போடு, படம் இருக்குல்ல” என்றார். பத்து என்று தட்டினேன். அழித்தேன். குளியலறைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். பத்து என்று எழுதினால் அடுத்த வருஷமும் பணம் வரும், ஃபிளெக்ஸ் வரும், அவள் வண்டி சேலையூருக்குப் போகும்.

கடைசியில், ‘ஒருவர்’ என்று எழுதினேன். ‘வாரத்தில் ஆறு நாள், வேலைக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருவதில்லை. வண்டி அவர் வீட்டில் இருக்கிறது, அதனால்தான் ஓட்டுகிறார். மற்ற ஒன்பதும் எங்கள் குடோனில் இருக்கின்றன, அதனால்தான் யாரும் ஓட்டவில்லை. பத்துப் பேர் காத்திருப்பதாக நான் எழுதியபோது எனக்கு ஒருவரையும் தெரியாது.’ அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். என் மனைவி போனில் தண்ணீர் பட்டுவிட்டதா என்று கேட்டாள்.

நான்கு நாள் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. வண்டிகளை அந்தந்தப் பெண்களுக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான நிதி இல்லை. தலைவர் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து தூக்கினார். அதற்கு மட்டும் பேனர் அடிக்கவில்லை.

லேப்புக்குப் போனேன். அவள் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்து முடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, வண்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். மீட்க வருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சார், ஜோக்கு வாணாம். வண்டி என்னுதா, இல்லியா?”

“உன்னுது.”

“இதயேதான் அன்னிக்கும் சொன்னீங்க.”

“இன்னைக்கு நெசம்மா. காசு குடுத்தவங்களே எழுதி அனுப்பிட்டாங்க.”

“எழுதிக் குடுங்க.”

மேஜையிலிருந்து லேப்பின் தாள் ஒன்றைக் கிழித்து நீட்டினாள். வெளியே போய் வண்டியின் அடியில் குனிந்து, சட்டத்தில் குத்தியிருந்த எண்ணை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். எழுதினேன். கீழே என் பெயரைப் போடப் போனபோது தாளைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க பேரு வாணாம் சார். கிளப்பு பேரும் வாணாம். காசு குட்த்தாங்கல்ல, அவங்க அனுப்சத அச்சடிச்சு எடுத்தாந்து இதோட பின் குத்துங்க.”

எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய் அச்சடித்துக்கொண்டு வந்து குத்தினேன். அவள் இரண்டையும் நிறுத்தி நிதானமாக, உதடு அசைய, இரண்டு முறை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, வரிசையில் அடுத்து நின்றவரை உள்ளே கூப்பிட்டாள்.